தெருக்கடிகாரத்துக்கு இரண்டு ஆள்

அந்த நகரத்தில் வேலைக்குத் தாமதமாகப் போகிறவர்களுக்குச் சாக்குக்குப் பஞ்சமே கிடையாது. "தெருக்கடிகாரத்தை நம்பி வந்தேன் சார்" என்றால் போதும், எந்த மேலாளரும் மேற்கொண்டு வாயைத் திறக்க மாட்டார். அவரும் என்றாவது ஒருநாள் அதே கடிகாரத்தை நம்பி ஏமாந்தவராகத்தான் இருப்பார். மிச்சம் இருந்த நான்கு தெருக்கடிகாரங்களும் சொல்லி வைத்தாற்போல மெதுவாக ஓடின. புதன்கிழமை காலையில் சரியாக இருக்கும். வியாழக்கிழமை லேசாகப் பின்வாங்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை அவற்றைப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போகிறவன் பிளாட்பாரத்தில் நின்று கடைசிப் பெட்டியின் முதுகைப் பார்க்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் அவை லேசுப்பட்ட கடிகாரங்கள் அல்ல. ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு இரும்புத் தூண், அதன் தலையில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்டப் பெட்டி, பெட்டியின் இரண்டு பக்கமும் பால்நிறக் கண்ணாடி முகப்பு. கைக்கடிகாரம் கட்டுவது பணக்காரர்களின் சமாச்சாரமாக இருந்த காலத்தில் கடைக்காரர்கள் ஏட்டிக்குப் போட்டியாக நட்டவை. முதலில் ஒரு துணிக்கடைக்காரர் நட்டார். அதைப் பார்த்து வயிறெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒரு முழம் கூடுதல் உயரத்தில் நட்டார். மணி பார்க்க நிமிர்கிறவன் கடைப் பெயரைப் படிக்காமலா போவான் என்பது அவர்கள் கணக்கு. பிறகு கடைகள் கைமாறின, பெயர்கள் அழிந்தன, கடிகாரங்கள் மாநகராட்சியின் தலையில் விழுந்தன. ஒன்றை லாரி இடித்துச் சாய்த்தது. இன்னொன்றைச் சுற்றி மெத்தைக் கடை விளம்பரத் தட்டியைக் கட்டினார்கள்; உள்ளே கடிகாரம் இருப்பதையே ஊர் மறந்தது. ஒருநாள் தட்டியைக் கழற்றியபோது உள்ளே தூண் மட்டும்தான் இருந்தது. தலை எங்கே போனது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை.

மிச்சம் இருந்த நான்கையும் பராமரிக்கும் ஒப்பந்தம் அண்ணன் தம்பி இருவர் பெயரில் இருந்தது. அவர்கள் அப்பாவும் இதே கடிகாரங்களோடு மாரடித்தவர்தான். அண்ணன் கட்டை, தம்பி நெட்டை. கடைத்தெருவில் அண்ணனைச் சின்ன முள் என்றும் தம்பியைப் பெரிய முள் என்றும் கேலி பேசுவார்கள். கேலிக்குப் பொருத்தமாக அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்து போவதோடு சரி, நின்று பேசுவது கிடையாது. இந்தக் கதைக்கு அண்ணனைப் பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிய மனுஷனைச் சின்ன முள் என்று கூப்பிட நமக்கு என்ன தலையெழுத்து.

தெருக்கடிகாரத்துக்கு நேரம் வைக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஏணியில் ஏறிப் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தலையையும் கைகளையும் உள்ளே நுழைப்பார். அவருக்கு முகப்பின் பின்புறம்தான் தெரியும். முள்கள் வெறும் நிழல்களாக, வலது இடமாகி இடது வலமாகித் தெரியும். அதை நம்பி நேரம் வைத்தால் ஊர் சிரித்துவிடும். அதனால் இன்னொருவர் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று, கண்ணாடியைப் பார்த்து, சத்தம் கொடுக்க வேண்டும். தூணுக்கு நேர் கீழே நின்றும் பயனில்லை, அண்ணாந்து பார்க்கிறவனுக்கு முள் பொய் சொல்லும். சாலையைத் தாண்டி நின்றால்தான் உண்மை தெரியும். மேலே இருப்பவர் கீழே இருப்பவர் சொன்னபடி பல்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. வாழ்க்கையில் யார் பேச்சையும் கேட்டறியாத பெரியவர், இந்த ஒரு இடத்தில் மட்டும் தம்பி பேச்சைத் தட்டாமல் கேட்டார்.

"முன்னாடி."

"இன்னும்."

"ஒரு நூல்."

"போதும்."

எட்டு வருடங்களுக்கும் மேலாக அண்ணன் தம்பிக்குள் இருந்த பேச்சுவார்த்தை மொத்தமும் இவ்வளவுதான். அதிலும் பேசுவது தம்பி, கேட்பது பெரியவர். ஒரு கடிகாரம் முடிந்ததும் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த கடிகாரத்துக்கு முன்னால் போய்விடுவார். பெரியவர் தள்ளுவண்டியில் ஏணியை வைத்துத் தள்ளிக்கொண்டு பின்னால் போவார். நாலும் முடிந்தால் அடுத்த புதன்கிழமை வரை அவரவர் வழி.

சண்டைக்குக் காரணம் பெரிய ராஜ்ஜியப் பிரச்சினை ஒன்றும் இல்லை. பெரியவரின் மனைவி ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். அடிதடி கிடையாது, கூச்சல் கிடையாது. கூச்சல் போட்டிருந்தால்கூட இருந்திருப்பேன் என்பதுதான் அந்த அம்மாளின் குறையே. "உங்களோட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணுதான். தனியா இருந்தாலாவது ரேடியோவைச் சத்தமா வச்சுக்கலாம்" என்று வாசலில் நின்று சொன்னார். அதற்கும் பெரியவர் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தது, அது வாய்வரைக்கும் வந்து சேருவதற்குள் ஆட்டோ தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அன்று சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டுத் தம்பி ஓடி வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். அண்ணன் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணி போனதுல என்ன ஆச்சரியம்? நானா இருந்தா எப்பவோ போயிருப்பேன்" என்றார்.

"அப்ப நீயும் போ" என்றார் பெரியவர். இந்தப் பதில் மட்டும் எப்படியோ உடனே வாய்க்கு வந்துவிட்டது.

தம்பி போனவர்தான். அப்புறம் அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை எதிர்ப் பிளாட்பாரத்தில் வந்து நின்றார். ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறதே, வராமல் எப்படி. "போதும்ணா" என்று முடிக்கிறவர் அன்றைக்கு "போதும்" என்று முடித்தார். பெட்டிக்குள் தலையை விட்டிருந்த பெரியவருக்கு அந்த வித்தியாசம் சம்மட்டியால் அடித்த மாதிரி கேட்டது.

பெரியவர் இருந்தது ஒரு மாடிவீட்டின் இரண்டு அறைகளில். கீழே அச்சகம். பகலெல்லாம் இயந்திரம் தடதடவென்று ஓடும். சாயங்காலம் அது நின்றதும் ஏற்படும் அமைதி இருக்கிறதே, அது கதவைத் தட்டாமல் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்துகொள்ளும். பால் பாக்கெட் வாசலில் தொங்கும் பைக்குள் விழும். கடையில் வேண்டிய பொருளை விரலால் காட்டினால் எடுத்துத் தருவார்கள். வியாழன் முதல் செவ்வாய் வரை வாயைத் திறக்க ஒரு அவசியமும் வராது. செவ்வாய்க்கிழமை யாராவது வழி கேட்டால் தொண்டையைக் கனைத்து, செருமி, இரண்டு முறை இருமித்தான் அவரால் "நேரா போங்க" என்று சொல்ல முடியும். ஒருமுறை மகளுக்குப் போன் செய்தார். "தாங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது வேறொரு அழைப்பில் உள்ளார்" என்று ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. பெரியவர் இரண்டையும் கடைசிவரை கேட்டார். நன்றாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மகளும் அவ்வப்போது கூப்பிடுவாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"உடம்பு பரவாயில்லையா?"

"ம்."

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க."

இந்த இடத்தில் இரண்டு முனையிலும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். சொல்ல வேண்டியது அவரிடம் நிறைய இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே மகள், "சரிப்பா, வச்சிடறேன்" என்பாள்.

சண்டை வந்த வருடம் மழைக்காலத்தில் ஒருமுறை மருந்துக்கடைக் கடிகாரம் எக்கச்சக்கமாகப் பின்தங்கிவிட்டது. தூணுக்குள் தொங்கும் ஊசலின் குண்டைத் தாங்குகிற திருகு தானாகவே தளர்ந்து, குண்டு கீழே இறங்கியிருந்தது. குண்டு இறங்கினால் கடிகாரம் மெதுவாக ஓடும், ஏற்றினால் வேகமாக ஓடும். அன்றைக்குத் தம்பி வழக்கத்தைவிட நிறைய நேரம் கத்த வேண்டியிருந்தது. "முன்னாடி... இன்னும் முன்னாடி... அட, இன்னும்... வந்துக்கிட்டே இரு..." வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பெரியவர் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். ராத்திரி நன்றாகத் தூங்கினார். காரணம் என்னவென்று யோசித்தார். காரணம் தெரிந்தபோது கூச்சமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை திருகைச் சரிசெய்யப் போனவர், சரிசெய்தார். பிறகு அரைச்சுற்று கீழே இறக்கிவிட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மற்ற மூன்றுக்கும் போய் அதே கைங்கரியத்தைச் செய்தார். நன்றாகப் பராமரித்தால் மாதக்கணக்கில் முள்ளைத் தொடவே அவசியம் இல்லாத உயர்ந்த ஜாதி இயந்திரங்கள் அவை. அவர் அவற்றை வாராவாரம் நோயாளி ஆக்கினார், வாராவாரம் வைத்தியமும் பார்த்தார். ஊர் கடிகாரங்களைத் திட்டியது. கிழட்டு இரும்பு, பேரீச்சம்பழத்துக்குப் போடலாம் என்று பேசிக்கொண்டது. பெரியவர் ஏணியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே நடந்து போவார். உறுத்தத்தான் செய்தது. ஆனால் புதன்கிழமையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

தம்பிக்கென்ன, அவனுக்கு வீடு நிறைய ஆள் என்று நினைத்துக்கொள்வார். மனைவி, இரண்டு பிள்ளைகள், மருமகள், பேரக்குழந்தை, பேருந்து நிலையத்தில் சாவி வெட்டும் கடை, கடைக்கு வருகிற கூட்டம். அவன் புதன்கிழமை வருவது கையெழுத்துக்காக. அண்ணனுக்காகவா வருகிறான்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் மாநகராட்சியின் புராதனப் பிரிவிலிருந்து ஓர் இன்ஜினியர் அம்மா வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்காரர். வேலையில் படு கெட்டி. மற்றவர்கள் தெருக்கடிகாரத்தைப் பற்றிப் பேசுவார்கள், இவர் ஏணியில் ஏறினார். தூணின் பெயின்ட்டை ஓரிடத்தில் பிளேடால் சுரண்டிச் சுரண்டி, எந்தக் காலத்தில் என்ன நிறம் அடித்தார்கள் என்று அடுக்கடுக்காக எடுத்துக் காட்டினார். அடியில் கரும்பச்சை, அதன் மேல் வெள்ளி, அதன் மேல் யாரோ ஒரு புண்ணியவான் அடித்த ரோஸ். பழைய புகைப்படங்களைத் தேடிப் பிடித்து முள்ளின் வடிவத்தை ஒப்பிட்டார். நான்கு கடிகாரங்களையும் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, துருவை நீக்கி மறுபடியும் பூட்ட மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் பெரியவர் கூடவே இருந்தார், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், எல்லாவற்றுக்கும் "ம்" என்றார்.

புராதனப் பிரிவின் குழுவில் ஒரு யோசனை இருந்தது. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, தானே நேரம் பார்த்துக்கொள்ளும் மின்மோட்டார் போட்டுவிடலாம். பழையது ஒழுங்காக ஓடிய சரித்திரமே கிடையாதே, அதைக் கட்டிக்கொண்டு எதற்கு அழ வேண்டும்?

இன்ஜினியர் அம்மாவுக்கு அதில் சம்மதம் இல்லை. பூட்டிய பிறகும் கடிகாரங்கள் பின்தங்கவே, ஒருநாள் மருந்துக்கடைத் தூணின் சின்னக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவரைக் கூப்பிட்டார்.

"ஐயா, இங்க பாருங்க. ஒரு பல்லுகூடத் தேயல. அச்சு நேரா இருக்கு. இவ்வளவு நல்ல மெஷின் வாரத்துக்கு இவ்வளவு பின்தங்கக் காரணமே இல்ல."

"ம்."

"இந்தத் திருகைப் பாருங்க. துடைச்ச பிறகும் சுத்தி எல்லாம் பழைய கறுப்பு. திருகுல மட்டும் பளபளன்னு புதுத் தேய்மானம். யாரோ அடிக்கடி திருப்பியிருக்காங்க." அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாலுலயும் இப்படித்தான் இருக்கு."

கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் அப்போது பெரியவரைப் பார்த்திருக்க வேண்டும். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாமே என்று பெரியவர் பிற்பாடு நினைத்துக்கொண்டார். சொல்லியிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

"இந்த ஒண்ணை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கறேன். ஒரு வாரம் ஒழுங்கா ஓடினா போதும், பழைய மெஷினை வச்சுக்கலாம்னு குழுவுல அடிச்சுப் பேசுவேன். ஓடலன்னா மோட்டார்தான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எப்ப வேணும்னாலும் வந்து பார்ப்பேன், சொல்லிட்டு வர மாட்டேன்." பிறகு, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னார்: "சரியா ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னா உங்களுக்கும் நிம்மதி. சாவி கொடுக்க நீங்க ஒருத்தர் போதும். உங்க தம்பி வாரா வாரம் அலைய வேண்டாம். அவர்கிட்ட நானே சொல்லிடறேன்."

அடிமடியில் கை வைத்தது போல இருந்தது பெரியவருக்கு.

அன்று சாயங்காலம் அச்சகம் நின்ற பிறகு அவர் உட்கார்ந்து யோசித்தார். திருகை ஏற்றினால் கடிகாரம் பிழைக்கும், தம்பி வர மாட்டான். ஏற்றாவிட்டால் மோட்டார் வரும், அப்போதும் தம்பி வர மாட்டான். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் புதன்கிழமை போயே போய்விட்டது. இனி எல்லா நாளும் வியாழக்கிழமைதான். எழுந்து போய்த் தம்பி கடையில் நின்று ஒரு வார்த்தை பேசினால் என்ன? சட்டையைக்கூட மாட்டினார். பேருந்து நிலையம் வரை போனார். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு சாவி ராவிக்கொண்டிருந்தார், பக்கத்தில் இரண்டு பேர் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது? எட்டு வருடத்தை எந்த நுனியில் பிடித்துத் தூக்குவது? பெரியவர் ஒரு தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக் கடிகாரத்தின் திருகை ஏற்றினார். தியாகம் என்றெல்லாம் பெரிய வார்த்தை போட வேண்டாம். தன் அப்பா தொட்டுத் துடைத்த இயந்திரத்தைத் தன்னுடைய தனிமைக்குப் பழிகாரன் ஆக்கி, கடைசியில் பேரீச்சம்பழத்துக்கு அனுப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். முள்ளையும் தானே வைத்தார். ஏறி, வைத்து, இறங்கி, சாலையைத் தாண்டிப் பார்த்து, மறுபடியும் ஏறி. மூச்சு இரைத்தது. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தார். கடிகாரம் ஒழுங்குப் பிள்ளையாக ஓடியது. இவ்வளவு நாளும் ஓட விடாமல் பிடித்து வைத்திருந்தது நீதானே என்று அது கேட்பது போலவும் இருந்தது.

புதன்கிழமை வந்தது. கடைசிப் புதன்கிழமை. பெரியவர் சீக்கிரமே போய்விட்டார். எதிர்ப் பிளாட்பாரத்தில், தம்பி வழக்கமாக நிற்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்று போனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துல்லியம். குறை சொல்ல ஒரு நூல் இடம் இல்லை. வேலை எதுவும் இல்லை என்பது உறுதியான பிறகும் ஏணியைத் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். சாவி கொடுக்க வேண்டுமே. சாவி கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகும் இறங்காமல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

சைக்கிள் ஸ்டாண்டைப் போடும் சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். இன்ஜினியர் அம்மா சொல்லியிருப்பார், வர வேண்டாம் என்று. பிறகு எதற்கு வந்தான்? கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்றா? இப்போது அண்ணாந்து பார்ப்பான். கையில் இருக்கும் போனைப் பார்ப்பான். "சரியா இருக்கு" என்பான். சைக்கிளை எடுப்பான். அந்த இரண்டு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டுமே என்று பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு பேருந்து போயிற்று. ஒரு லாரி போயிற்று. கீழே சத்தமே இல்லை. சொல்லாமலே போய்விட்டானா?

"முன்னாடி."

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னாடியா? இப்போதுதானே பார்த்தேன்? இவன் கண்ணில் கோளாறா, போனில் கோளாறா? ஆனால் மேலே இருப்பவன் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. கை தானாகப் பல்சக்கரத்துக்குப் போயிற்று.

"இன்னும்."

திருப்பினார்.

"இன்னும் முன்னாடி."

திருப்பினார். விரலுக்குத் தெரிந்தது, ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று என்று முள் சரியான இடத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் தீர்ந்தது. ஒரு வாரமாக ஒழுங்காக ஓடியதெல்லாம் பாழ். மோட்டார் வந்துவிடும். வேண்டுமென்றே கெடுக்கிறானா? பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்கிறானா? கோபமாக வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில், வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்தக் குரல் இன்னும் நிற்கவில்லை.

"இன்னும்... ஒரு நூல்... ஐயோ, கூடிப்போச்சு. நிறுத்து."

முள் பின்தங்கினால் முன்னால் தள்ளலாம். முந்திவிட்டால் பின்னால் இழுக்கவே கூடாது, பல் உடைந்துவிடும். ஊசலைப் பிடித்து நிறுத்திவிட்டு, உண்மையான நேரம் நடந்து வந்து முள்ளைத் தொடும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். எப்போதும் பின்தங்கியே ஓடிய கடிகாரங்களில் அந்த வேலைக்கு இத்தனை வருடமாக அவசியமே வரவில்லை. பெரியவர் இரண்டு படி இறங்கி, தூணின் மேல்பக்கக் கதவு வழியாகக் கையை விட்டு ஊசலின் தண்டைப் பிடித்து நிறுத்தினார். டக் டக் என்ற சத்தம் அடங்கியது.

காத்திருக்கும் நேரத்தில் கீழே இருப்பவனுக்கு எதிர்ப் பிளாட்பாரத்தில் வேலை இல்லை. தம்பி சாலையைத் தாண்டி வந்தார். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் குனிந்து பார்த்தார். எட்டு வருடமாகத் தூரத்தில் நின்ற உருவம்தான் அவருக்குத் தெரியும். இப்போது உச்சந்தலை தெரிந்தது. முடி பாதி கொட்டி, மிச்சம் முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

வழியில் போன ஒருவர் நின்று, அண்ணாந்து பார்த்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இத்தனை நாளா மெதுவா ஓடிச்சு. இன்னிக்கு முன்னாடி ஓடுதா? விளங்கிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். அண்ணனும் தம்பியும் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்ஜினியர் அம்மா கடைக்கு வந்தாங்க" என்றார் தம்பி. தலையை நிமிர்த்தவில்லை, ஏணிக்காலிடம் சொல்வது போலச் சொன்னார். "இனிமே வர வேண்டாம்னாங்க. கடிகாரம் சரியா ஓடுதாம்."

பெரியவர் தண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"மெதுவா ஓடினப்போ வந்தேன். யார் மெதுவா ஓட வச்சதுன்னு எனக்குத் தெரியாதா? நானும் அதே அப்பாவுக்குப் பொறந்தவன்தானே. நல்ல கடிகாரம் வாரா வாரம் அவ்வளவு பின்வாங்குமா?" ஏணிக்காலைப் பிடித்த பிடியை மாற்றிக்கொண்டார். "அண்ணன் வச்சிருக்காரு, நாம போய்க் கத்திட்டு வருவோம்னு வந்தேன். இப்ப சரியா ஓடுதுன்னா நான் எதைச் சொல்லிட்டு வர்றது?"

பெரியவருக்கு இப்போதுதான் விளங்கியது. எட்டு வருடமாகத் தான் ஒருவன்தான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தார். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றவனும் தெரிந்தே ஏமாந்துகொண்டு நின்றிருக்கிறான். வீடு நிறைய ஆட்களை விட்டுவிட்டு, வெயிலிலும் மழையிலும், வாரம் தவறாமல். வாய்க்குள் எத்தனையோ திரண்டு வந்தன. உன் அண்ணி விஷயத்தில் நீ சொன்னது சரிதான் என்பது. உன்னைத் தேடிக் கடைவரை வந்தேன் என்பது. எதுவும் ஒழுங்காக வெளியே வருகிற வழியாகத் தெரியவில்லை. நேரமோ நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது முள்ளை வந்து தொட்டுவிடும். இவன் சாலையைத் தாண்டிப் போய் "விடு" என்பான். தான் கையை விட வேண்டும். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

தெருமுனையில் மாநகராட்சி ஜீப் ஒன்று திரும்புவது தெரிந்தது. இன்ஜினியர் அம்மாவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெரியவர் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த நரைத்த தலையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார், செருமினார், இரண்டு முறை இருமினார்.

"எத்தனை நிமிஷம் தள்ளி வச்சிருக்கே?"

தம்பி நிமிர்ந்தார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அஞ்சு."

"பத்தா வச்சிருக்கலாம்டா" என்றார் பெரியவர்.